கூட்டல் பார்க்கும் பீரியட்

காற்று மறுபடியும் ஒரு தாளைத் தூக்கப் பார்த்தது. வசுமதி சாக்பீஸ் டப்பாவை எடுத்து, மேஜைமேல் கிடந்த மிச்ச வினாத்தாள்களின்மேல் வைத்தாள். ஆடி முடிந்து, ஆவணியும் போய், புரட்டாசி பிறந்த பிறகும் உடுமலைப்பேட்டைக் காற்றுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மேற்கு ஜன்னல் வழியாக வந்து, வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, பிள்ளைகள் கையிலிருந்த விடைத்தாள்களைப் படபடவென்று அடித்துவிட்டு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ப்ளஸ் ஒன் ஏ பிரிவுக்குக் காலாண்டு ஆங்கிலத் தாள் கொடுத்தாகிவிட்டது. இனி மணி அடிக்கிறவரை டீச்சருக்குப் பெரிய வேலை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், கூட்டல் தப்பு என்று வருகிறவர்களுக்குப் பார்த்துச் சரிசெய்து பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வருஷக்கணக்காகப் பழகிய வேலை, தூக்கத்தில் எழுப்பிச் செய்யச் சொன்னாலும் செய்வாள். ஆனால் இன்றைக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. எதையோ மறந்துவிட்டு வந்தாற்போல இருந்தது. கேஸை அணைத்தாளா? அணைத்தாள், ரெகுலேட்டரைத் திருப்பிய விரல் இன்னும் நினைவில் இருக்கிறது. மோட்டார் ஸ்விட்ச்? அதைப் போடவே இல்லை. அயர்ன் பாக்ஸ்? கணவர் குழந்தைவேலு தன் சட்டையைத் தேய்த்தார், அவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர், அணைக்காமல் விட்டால் அது அவர் பாடு. வேறு என்ன? வேறு ஒன்றுமில்லை. மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற மிதுலா எழுந்து இந்த மேஜைக்கு வராமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான். வந்தால் என்ன பதில் சொல்வது என்று வசுமதிக்குத் தெரியாது. மிதுலா அவள் பெற்ற பெண்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாள் இதே மேஜைக்குப் பின்னால் நின்றுதான் எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொரு வருஷமும் சொல்வதுதான். கல்யாண வீட்டில் மைக் செட்காரன் முதலில் போடுகிற பக்திப் பாட்டு மாதிரி, அதைப் போடாமல் எதுவும் தொடங்காது. கட்டுரை நோட்டு தாமதமாக வந்தால் பாதி மார்க். பாட்டி செத்துவிட்டாள் என்று சொல்லலாம், ஆனால் ஒரு வருஷத்துக்கு ரெண்டு பாட்டிக்குமேல் அனுமதி இல்லை. அதற்கு வகுப்பு சிரித்தது, வருஷாவருஷம் அதே இடத்தில் சிரிக்கும். கைடில் இருப்பதை அப்படியே ஒப்பித்து எழுதினால் பாதி. சொந்தமாக எழுதினால், தப்புத் தப்பாக எழுதினாலும், அதற்கு மரியாதை உண்டு. நொண்டிக்கொண்டு வந்தாலும் சொந்தக் காலில் வாருங்கள் என்று சொன்னாள், அந்த வாக்கியம் அவளுக்கே பிடித்திருந்தது. பிரின்சிபாலுக்குப் பிடிக்கவில்லை. "பப்ளிக்ல சொந்தக் காலுக்கு யாருங்க மிஸ் மார்க் போடறாங்க?" என்று கேட்டார். ஆனாலும் அவள் விதியை மாற்றவில்லை. தாள் கொடுக்கிற அன்று அரை மார்க் கொடுங்கள், கால் மார்க் கொடுங்கள் என்று உழவர் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேசுகிற மாதிரி பேசக் கூடாது. கூட்டல் மட்டும் பார்க்கலாம். குறைந்திருந்தால் சேர்த்துப் போடுவாள். கூடியிருந்தால்? இங்கேதான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கூடியிருப்பதைத் தானாக வந்து சொல்கிற பிள்ளைக்கு அந்த மார்க்கைக் குறைக்க மாட்டாள், அது உண்மை சொன்னதற்காக. கடைசியாக ஒன்று: கட்டுரைக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கினால், அதை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வெட்கம், ஜலதோஷம் எதுவும் செல்லாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஏதாவது சந்தேகம்?" என்று கேட்டபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை மேலே வந்தது. "மிஸ், சொந்தமா எழுதினதுன்னு எப்படிங்க மிஸ் கண்டுபிடிப்பீங்க?" என்று மிதுலா கேட்டாள். காலையில் தன் கையால் பின்னிவிட்ட சடையோடு, தான் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு வீட்டுப் பெண் மாதிரி நின்றாள். "படிச்சா தெரியும்மா" என்று வசுமதியும் யாரோ ஒரு டீச்சர் மாதிரிதான் சொன்னாள்.

மிஸ். அந்தச் சொல்லை அந்தப் பெண் வாயில் போட்டவளே அவள்தான். யூ.கே.ஜி.யில் சேர்த்த புதிதில், காலைப் பிரார்த்தனையில் இத்தனை பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து ஒன்று மட்டும் "அம்மா" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தது. மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள், நல்ல சிரிப்புத்தான். வசுமதிக்குத்தான் முகம் சுட்டது. அன்று மதியம் குழந்தையைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கூட்டிப்போய்க் குனிந்து சொன்னாள், "ஸ்கூல்ல நான் மிஸ். வீட்டுலதான் அம்மா. சரியா?" குழந்தை தலையாட்டியது. டீச்சர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படித்தான் சொல்லிவைப்பார்கள், இது ஊரில் இல்லாத வழக்கம் ஒன்றுமில்லை. கணக்கு டீச்சர் ஜெயக்கொடியின் பையன் அம்மாவை மிஸ் என்றுதான் கூப்பிட்டான், பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் மறந்துபோய்க் கூப்பிட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் மிதுலா ஒரு தடவைகூட மறக்கவில்லை. மூன்றாவது படிக்கும்போது வகுப்பில் காய்ச்சலோடு வாந்தி எடுத்துவிட்டு, தூக்கிவிட்ட ஆயாவிடம், "வசுமதி மிஸ்ஸைக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஆயா அதை ஒரு பெருமையாக வந்து சொன்னாள். வசுமதியும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டாள். இப்போது ஏன் அது நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது என்று தெரியவில்லை. "மிஸ்" என்று பக்கத்தில் குரல் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது. நவநீதன் நின்றான். "மிஸ், பதினாலாவது கேள்விக்குப் போட்ட மார்க்கை முன்பக்கத்துல ஏத்தலீங்க." பார்த்தாள். ஏற்றவில்லைதான். மூன்றைச் சேர்த்து, கையெழுத்துப் போட்டு, "போ" என்றாள். அவன் வால் முளைத்த மாதிரி குதித்துக்கொண்டு போனான். முன்பக்கத்தில் ஏற்றவில்லை. முன்பக்கத்தில். அந்தச் சொல் எதையோ தொட்டுவிட்டுப் போனது. என்ன என்று பிடிப்பதற்குள் நழுவிவிட்டது. கேஸ் அணைத்திருக்கிறது. அணைத்தாள்.

இந்த வருஷம் மிதுலாவைத் தன் வகுப்பில் போட வேண்டாம் என்று பிரின்சிபாலிடம் கேட்டுப் பார்த்தாள். "பயோ மேத்ஸ் ஒரே செக்‌ஷன்தானுங்களே. பொண்ணைக் காமர்ஸ்ல சேர்த்துடுங்க, வேற மிஸ் கிடைப்பாங்க" என்று சிரித்தார். சரி, வேறு வழியில்லை என்று ஆன பிறகு வீட்டிலும் சில விதிகள் வந்தன. வீட்டில் ஆங்கிலப் பேச்சே எடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் மறுநாள் வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். திருத்துகிற கட்டு பீரோமேல் இருக்கும், அதைத் தொடக் கூடாது. முன்பெல்லாம் கூட்டல் சரிபார்க்கிற வேலை மிதுலாவுடையதுதான்; தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாள்களை விரித்துக்கொண்டு, உதட்டுக்குள் முணுமுணுத்துக் கூட்டி, "இதுல ரெண்டு விட்டுப்போச்சும்மா" என்று தூக்கிக் காட்டுவாள். டீச்சர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வருவதே அப்படித்தான். இந்த வருஷம் அந்த வேலை நின்றுபோனது. இவ்வளவு வேலி போட்டும் என்ன? முதல் இடைத்தேர்வில் ஆங்கிலத்தில் மிதுலாதான் முதல். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே ஜெயக்கொடி, "பந்தியில பரிமாறறவ தன்னவளா இருந்தா கடைசிப் பந்தியில உக்காந்தா என்னங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், கூடவே தன் டப்பாவிலிருந்து ஒரு பணியாரத்தையும் எடுத்து வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள், வசுமதியும் சிரித்தாள், பணியாரத்தைத் தின்றாள். பெற்றோர் கூட்டத்தில் பிரகதீஷின் அம்மா இன்னும் பதமாகச் சொன்னார். "உங்க பொண்ணுக்கென்னங்க மிஸ், டியூஷன் வீட்டுக்குள்ளயே இருக்குது. எம் பையனுக்கு நாங்க எங்கீங்க போறது?" அவன் அந்த இடைத்தேர்வில் இரண்டாவது வந்தவன். நல்ல பையன்தான், அடக்கமானவன், பள்ளிச் செயலாளரே அவன் அப்பாவைத் தம்பி என்று கூப்பிடுகிற அளவுக்கு அந்த வீட்டுக்குச் செல்வாக்கு உண்டு. வசுமதிக்குப் பயம் அவன்மேல் இல்லை. செயலாளர்மேலும் இல்லை. பெண்ணுக்கு அள்ளிப் போட்டாள் என்ற பேச்சு ஒன்றுதான். பதினெட்டு வருஷமாக இந்தப் பள்ளியில் யாரும் அவள் பேனாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தனக்கென்று அவள் சம்பாதித்தது என்று ஒன்று உண்டென்றால் அது அந்தப் பேர்தான். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு மார்க் என்ன பெரிய விஷயம்?

பெரிய விஷயம்தான் என்று அவளுக்கே தெரியும், அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறாள். ஆனால் நாக்கு ஆடுகிற பல்லைத் தேடிப் போகிற மாதிரி மனசு அங்கேயேதான் போகிறது. சாப்பிட்டுவிட்டுக் குழந்தைவேலு தூங்கிக்கொண்டிருந்தார். மிதுலா உள் அறையில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். வசுமதி சாப்பாட்டு மேஜையில் கட்டைப் பிரித்தாள். கட்டுரைக் கேள்வி, நீங்கள் தினமும் போய்வருகிற வழி. நல்ல கேள்வி என்று நினைத்துத்தான் கொடுத்தாள். வகுப்பில் பாதிக்குமேல் சாலைப் பாதுகாப்பு எழுதியிருந்தது; கைடில் அந்தக் கட்டுரை இருக்கிறது, வழி என்றதும் சாலை, சாலை என்றதும் ஹெல்மெட். பிரகதீஷும் அதைத்தான் எழுதியிருந்தான், உபதலைப்புகளுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு புள்ளி பிசகாமல். அவள் விதிப்படி அதற்கு இரண்டரை. பேனா இரண்டில் நின்றது, பிறகு நான்கு போட்டது. அதற்குப் பிறகு வந்தது மிதுலாவின் தாள். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள், இப்போது வசுமதிக்கு அது ஏனோ தமிழிலேயே நினைவுக்கு வருகிறது. டீச்சரின் பிள்ளை பள்ளிக்கு முதலில் வரும், கடைசியில் போகும். எல்லோரும் போன பிறகு சைக்கிள் ஷெட்டின் இரும்புக் குழாயில் உட்கார்ந்து காத்திருக்கும்போது பள்ளிக்கூடம் வேறு மாதிரி இருக்கும், குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்கும். பிறகு ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போகிற வழி. ரயில்வே கேட், மர மில், திருப்பத்தில் இளநீர்க் கடை. அவ்வளவு சின்ன வாக்கியங்கள். ஒன்றும் ஜோடிக்கவில்லை. கடைசியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை வசுமதி இரண்டு தடவை படித்தாள். பிறகு ஐந்து போட்டாள். தாளை முடித்தாள், மார்க்குகளை முன்பக்கத்தில் ஏற்றினாள், கூட்டினாள். பிரகதீஷைவிட ஒரு மார்க் கூட வந்தது. அடுத்த தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள், ஜெயக்கொடியின் பணியாரம் தொண்டையிலேயே நின்றது. இன்னும் இரண்டு தாள் ஓடியது. பிறகு அடியிலிருந்து மிதுலாவின் தாளை உருவினாள். கட்டுரைப் பக்கத்தைத் திறந்து, ஐந்தை அடித்து மூன்று போட்டாள். ஓரத்தில், நீளம் அதிகம் என்று எழுதினாள். வேறு யாருக்கும் அவள் நீளத்தை அளந்ததில்லை. அந்த நேரம் பார்த்து உள் அறையிலிருந்து குரல் வந்தது. "அம்மா, டிக் போடற சத்தம் வேற, இன்ட்டு போடற சத்தம் வேற. எனக்கு இங்கிருந்தே தெரியும்." "படிக்கிற வேலையைப் பாரு" என்றாள் வசுமதி. "இப்பப் போட்டது ரெண்டும் இல்லை" என்றாள் மிதுலா. வசுமதி தாளைச் சட்டென்று மூடிக் கட்டுக்கு அடியில் செருகிவிட்டாள். பரிமாறுகிறவள் தன்னவளானால் பாயசம் பக்கத்து இலைக்குப் போகும், அதையும் ஒரு பழமொழியாக யாராவது சொல்லிவைத்திருக்கலாம்.

இன்றைக்குத் தாளைக் கொடுக்கும்போது மிதுலாவின் பெயர் வந்ததும் அவள் தாளைப் பார்க்கவே இல்லை, முகத்தைப் பதிவேட்டின் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினாள். மார்க்கை உரக்கப் படிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை, அதுவும் ஒரு விதி, அந்த விதிக்கு இன்றைக்குத்தான் நன்றி சொன்னாள். "மிஸ், கட்டுரை யார் வாசிக்கறாங்க?" என்று ஷாஹிதா கேட்டாள், முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற, எதையும் மறக்காத பெண். "இந்தத் தடவை யாருக்கும் அஞ்சு இல்லை" என்றாள் வசுமதி. "யாருக்குமேவா மிஸ்?" என்று வகுப்பே கேட்டது. "யாருக்குமே." மிதுலா அப்போது தாளை மடித்து வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பிரித்துவிட்டிருந்தாள். உதடு அசைந்தது. கூட்டுகிறாள். அந்த முணுமுணுப்பை வசுமதிக்குத் தெரியாதா, சின்ன வயசிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதானே. ஒருமுறை கூட்டினாள். பக்கங்களைப் புரட்டினாள். முன்பக்கத்துக்கு வந்தாள். மறுபடியும் உள்ளே போனாள். ஒரே இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஏன் எழுந்து வர வேண்டும், கட்டுரைக்கு மார்க் கேட்கக் கூடாது என்பது விதி, அவள் விதி மீறுகிற பெண் இல்லை, காய்ச்சலில்கூட மீறவில்லை. பின் பெஞ்சில் பையன்கள் பிரகதீஷைச் சுற்றிக்கொண்டு யார் ஃபர்ஸ்ட், யார் ஃபர்ஸ்ட் என்று குடைந்துகொண்டிருந்தார்கள். "மிது எவ்வளவுன்னு தெரியாம எப்படிரா சொல்றது?" என்றான் அவன். எதையோ மறந்திருக்கிறாள். கேஸ் இல்லை. அயர்ன் பாக்ஸ் இல்லை. ஐந்தை அடித்தாள், மூன்று போட்டாள், நீளம் அதிகம் என்று எழுதினாள், அம்மா என்று குரல் கேட்டது, தாளை மூடினாள், கட்டுக்கு அடியில் செருகினாள். அதற்கு நடுவில் ஒன்று செய்ய வேண்டும். எந்தத் தாளிலும் உள்ளே மாற்றினால் செய்ய வேண்டிய ஒன்று. அது என்னவென்று அவளுக்குத் தட்டுப்பட்ட அதே நேரத்தில் மூன்றாவது பெஞ்சில் மிதுலா எழுந்தாள்.

அவளுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவனுக்குக் கூட்டல் சரியாகவே இருந்தது, சும்மா வந்தான், இவன் மாதிரி ஆள் எல்லா வருஷமும் உண்டு. இன்னொரு பெண்ணுக்கு ஒரு மார்க் கூடியது. வசுமதி கையெழுத்துப் போட்டுக்கொண்டே மிதுலாவின் செருப்பைப் பார்த்தாள், வார் பிய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும், போன வாரமே சொன்னாள் பாவம். பிறகு செருப்பு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தாள் அவள் முன்னால் வைக்கப்பட்டது.

"மிஸ், உள்ள மூணு இருக்குங்க. முன்பக்கம் அஞ்சுன்னு ஏத்தியிருக்கீங்க. ரெண்டு மார்க் கூட வருதுங்க மிஸ்."

முன்பக்கக் கட்டத்தில், கட்டுரைக்கு நேராக, வட்டமான கையெழுத்தில் ஒரு ஐந்து. உள்ளே அடிக்கப்பட்ட ஐந்துக்குப் பக்கத்தில் ஒரு மூன்று. எந்தப் பிள்ளையின் கண்ணுக்கும் புரியும், எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று. மிதுலாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வகுப்பில் சத்தம் அடங்கிவிட்டது, டீச்சரின் மேஜையில் டீச்சரின் பெண் நிற்கிறாள் என்றால் காற்றுகூடக் காதைத் தீட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் வசுமதிக்கு ஒரு வழி கிடைத்தது, தப்பித்தோம் என்று உடம்பெல்லாம் லேசானது. விதி இருக்கிறதே. அவளே போட்ட விதி.

"கூடியிருக்கிறதைத் தானா வந்து சொன்னா குறைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "உண்மையைச் சொன்னதுக்கு. வெச்சுக்கோ."

நவநீதன் கைதட்டினான், இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பேச்சும் வராது. மார்க்கும் போகாது, பேரும் போகாது. முன்பக்கத்து ஐந்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைக் கொண்டுபோனாள். மிதுலா தாளின் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க மிஸ்."

"என்ன வேண்டாம்?"

"உண்மை சொன்னதுக்குன்னா வேண்டாங்க." பிடித்த விரலை எடுக்கவில்லை. "எழுதினதுக்குன்னா போடுங்க. இல்லைன்னா முன்பக்கமும் மூணுன்னு மாத்திடுங்க மிஸ்."

வசுமதியின் பேனா தாளுக்கு மேலே நின்றது. மூன்று என்று மாற்றுவது எவ்வளவு சுலபம். மாற்றினால் மதியம் ஸ்டாஃப் ரூமுக்குத் தலை நிமிர்ந்து போகலாம், பெற்ற பெண்ணுக்கே குறைத்தவள் என்று ஊர் மெச்சும், பிரகதீஷின் அம்மா அடுத்த கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொள்வார். சாயங்காலம் ஸ்கூட்டியை எடுக்கும்போது மிதுலா பின்னால் ஏறி உட்காருவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், ரயில்வே கேட், மர மில், இளநீர்க் கடை. வீட்டுக்குப் போய் எலுமிச்சைச் சாதம் கட்டிய டப்பாவைக் கழுவி வைப்பாள். நாளைக்கும் மிஸ் என்பாள். காலேஜ் போன பிறகு போனில் என்னவென்று கூப்பிடுவாள்? சொந்தமாக எழுதினது என்று எப்படிக் கண்டுபிடிப்பீங்க என்று இந்தப் பெண் முதல் நாளே கேட்டாள், படித்தால் தெரியும் என்று வசுமதிதான் சொன்னாள். படித்தாள். தெரிந்தது. தெரிந்த பிறகு செய்த காரியம் இது. யார் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக இந்தப் பேனா பொய் சொல்லியிருக்கிறது. அதுவும் பெண்ணுக்கு அள்ளிப் போட்டுச் சொல்லவில்லை, பிரகதீஷுக்கு அள்ளிப் போட்டு, பெண்ணிடம் பிடுங்கிச் சொல்லியிருக்கிறது. அவமானமாக இருந்தது. உள்பக்கத்தைத் திருப்பினாள். மூன்றை அடித்தாள். நீளம் அதிகம் என்பதையும் அடித்தாள். ஐந்து போட்டுப் பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட்டாள்.

"எழுதினதுக்குத்தான்" என்றாள். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நான் முதல்ல போட்டதும் அஞ்சுதான். அப்புறம் நான்தான் குறைச்சேன். குறைச்சது தப்பு."

வகுப்பு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "அப்ப மிதுதான் ஃபர்ஸ்ட்டுங்களா மிஸ்?" என்று பிரகதீஷ் கேட்டான். "ஆமா" என்றாள். அவன் "சரிங்க மிஸ்" என்றான், அவ்வளவுதான். பின்னால் ஒரு பையன் பக்கத்துப் பையனின் காதில் என்னமோ சொன்னான். சொல்லட்டும். மதியத்துக்குள் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடும், ஜெயக்கொடி பழமொழியை மறுபடியும் எடுப்பாள், எடுக்கட்டும். வகுப்பில் சொன்னதையே வசுமதி அங்கேயும் சொல்லிக்கொள்வாள்.

மிதுலா தாளை எடுத்துக்கொண்டு திரும்பியபோது ஷாஹிதா கையைத் தூக்கினாள். "மிஸ், அஞ்சு வாங்கினா வாசிக்கணும்." விதி எதையும் மறக்காத பெண். மிதுலா அம்மாவைப் பார்த்தாள், அம்மாவைத்தான் பார்த்தாள், வாசிக்க வேண்டாம் என்று சொல்லும்படி கேட்கிற பார்வை அது என்று வசுமதிக்குப் புரிந்தது. அந்தக் கடைசி வரி. "வாசி" என்றாள். விதி என்றால் விதி.

மிதுலா கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. சைக்கிள் ஷெட் வந்தது, குழாய் சொட்டியது. ரயில்வே கேட் வந்தது. இளநீர்க் கடை வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு கடைசி வரியைப் படித்தாள். ஆங்கிலத்தில்தான் படித்தாள், வசுமதியின் காதில் அது தமிழாகத்தான் விழுந்தது. இந்த வழியில் ஏதோ ஓர் இடத்தில் மிஸ் அம்மாவாக மாறிவிடுகிறார், நான் பின்னால் உட்கார்ந்திருப்பதால் முகம் தெரிவதில்லை, அதனால் அது எந்த இடம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

யாரும் கைதட்டவில்லை. நவநீதன்கூடத் தட்டவில்லை. தாளைக் கீழே இறக்கிவிட்டு மிதுலா அங்கேயே நின்றாள், உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும், அதுவும் விதி. தேங்க்யூ, சிட் டவுன் என்பதுதான் வசுமதி வழக்கமாகச் சொல்வது, அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"உக்காரு கண்ணு" என்றாள்.

முன் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிதுலா தாளை இரண்டாக மடித்தாள். பிறகு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.